கடலைத் தொடலாகாத நாட்கள்

ஈசுவர வருஷம், மார்கழி 4, சனி

விடிந்து நான்கு நாழிகை ஆகியும் மலை தெரியவில்லை. இரு பக்கமும் பனி. முற்றத்துத் துளசி நனைந்து கிடக்கிறது.

சிவகாமிக்கு (என் மனைவி) மூச்சு நேற்றைவிட மோசம். மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே உறக்கம். அதை உறக்கம் என்று எழுதுவதும் பொய். படுத்தால் நெஞ்சுக்குள் பூனை முனகுவது போன்ற ஓசை. கார்த்திகை பிறந்தது முதல் இப்படி. ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை நெய், மதுரை டாக்டர் கொடுத்த சிவப்புத் தண்ணீர், எல்லாம் உள்ளே போயின. இளைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மதுரை டாக்டரின் சொல்: மலைப் பனியை விட்டு இறக்குங்கள், மாசி முடியும்வரை கடற்காற்றில் வையுங்கள். சுந்தரம் உடனே வீடு பேசிவிட்டான். (மூத்த மகன். இவ்வூர்க் கோர்ட்டில் வக்கீல். எதற்கும் அவனிடம் விடை இருக்கும்.) தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரைச் சிற்றூர், அவனுடைய கட்சிக்காரர், உப்பு வியாபாரி, அவருடைய வீடு பூட்டிக் கிடக்கிறதாம். மறுத்தேன். காரணங்கள்:

ஒன்று, நடந்து போகும் தொலைவில் சிவாலயம் இல்லை.
இரண்டு, அந்த வீட்டு அடுப்பில் மீன் வெந்திருக்கிறது.
மூன்று, முப்பத்தெட்டு ஆண்டுகளாக என் பூசை இடம் மாறியதில்லை.
நான்காவது ஒன்று இருந்தது. இப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆகவே, வக்கீல் பாஷையில், ராஜி, அதாவது சமரசம். மோட்டார் கிடைக்கும் ஞாயிறுகளில் போய், அதே ஊர்க் கரையில் சற்று உலாவி, பகலுணவை அங்கேயே முடித்து, அன்றே திரும்புவது. போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். மூச்சு வாங்குகிறவளைப் பத்து மணி நேரம் குலுக்கி, நடுவில் நான்கு மணி நேரம் காற்றுக் காட்டுவது என்ன வைத்தியம் என்று கேட்டேன். “வீடு வேணாம்னது நீங்கதானப்பா” என்றான். 

நாளைக்கு: பூசைப் பெட்டி. ஆற்றுநீர் ஒரு கூஜா. கம்பளி இரண்டு. வாழையிலை. மருமகள் கோமதி புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டுகிறாள். எனக்குப் பழம் போதும் என்று சொல்லிவிட்டேன்.

கண்டிப்பாகச் சொல்லி வைத்தது ஒன்று: நாளை துவிதியை. கடலை யாரும் தொடலாகாது. அரசமரமும் கடலும் ஒரே நியமத்துக்கு உட்பட்டவை. காணலாம், வணங்கலாம், தொடுவதற்கு நாள் உண்டு. கடலுக்கு அமாவாசை, பௌர்ணமி. சேதுவில் மட்டும் அந்தத் தடை இல்லை. ஆனால் சேதுவுக்கு மோட்டார் போகாது, ரெயிலில்தான் கடக்க வேண்டும், ஒரு நாளில் திரும்ப முடியாது. ஆகவே பார்வை மட்டும்.

அறுபத்தாறு வயது முடிகிறது. இதுவரை கடலைக் கண்டதில்லை. நெய்தல் பாட்டுக்கு நாற்பது ஆண்டுகளாக மடத்தில் பொருள் சொல்லி வருகிறேன். மனத்தில் சிறிது ஆவல். இங்கே எழுதுவதால் குற்றமில்லை.


மார்கழி 6, திங்கள்

முதுகு, இடுப்பு, கழுத்து, எல்லாம் வலி. நேற்றைய கூத்தைக் குறித்து வைக்கிறேன்.

இருட்டிலேயே புறப்பாடு. நான், சிவகாமி, சுந்தரம், கோமதி. மோட்டார் ஓட்டுபவர் காதர், நம் ஊர்க்காரர், நிதானமான மனிதர். திருமங்கலம் தாண்டிக் கிழக்கு வெளுத்ததும் ஒரு கண்மாய்க் கரையில் நிறுத்தினார். அவர் ஒரு பக்கம் தொழுதார்; நான் ஒரு பக்கம் நீராடி, நீறணிந்து, செபம் முடித்தேன். அன்று ஒழுங்காக நடந்தது அது ஒன்றே.

கடல் முதலில் மூக்குக்கு வந்தது. அரை மைலுக்கு முன்பே. அழுகலா, உப்பா, எண்ணெயா, பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேல்துண்டால் மூக்கைப் பொத்தினேன். பிறகு கண்ணுக்கு வந்தது. பெரிது. கலங்கிய கண்மாய் நிறம். ஓயாத இரைச்சல். பாட்டில் படித்தபோது அந்த ஓசைக்கு ஒரு துயரம் இருந்தது. நேரில் அது மாவு மில் சத்தம்.

புன்னையைத் தேடினேன். புன்னை இல்லாமல் நெய்தல் ஏது? காதரிடம் கேட்டேன். “புன்னையெல்லாம் காணலங்கய்யா. அங்கன ஒரு தாழம்பொதரு இருக்கு. ஆனா அங்கிட்டுப் போகாதீக” என்றார். தாழை என்றதும் கால் நிற்கவில்லை. போனேன். ஊரார் காலைக்கடனுக்கு ஒதுங்கும் இடம். மிதித்துவிட்டேன்.

கடல் நீரில் செருப்பைக் கழுவலாம் என்றான் சுந்தரம். துவிதியை. மறுத்தேன். கூஜாவில் இருந்த ஆற்றுநீரில் பாதி செருப்புக்குப் போயிற்று. மீதிப் பாதி நான்கு பேர் நாவுக்கு, பகல் முழுதும்.

இடம் தேர்ந்தவன் நான். நீர்விளிம்பில் உட்கார்ந்தால் திவலை தெறிக்கும், தெறித்தால் தொட்டதாகும். ஆகவே மணல்மேட்டுக்கு இப்பால், பள்ளமாகச் சமதரையாக ஓரிடம். குப்பை இல்லை, கிளிஞ்சல் இல்லை, சீராகப் பெருக்கிய தரை, சாணம் தெளித்த நெற்களம் போல. இந்த அசுத்தத்தின் நடுவே ஒருவர் இவ்வளவு ஆசாரமாகப் பெருக்கி வைத்திருக்கிறாரே என்று வியந்து, ஜமுக்காளம் விரித்து, இலை போட்டாயிற்று. சிவகாமியைக் கம்பளியால் போர்த்தி உட்கார வைத்தேன்.

நாலைந்து கவளம் போயிருக்கும். மேட்டின் மேல் ஒரு பெண், தலையில் கூடை. கட்டுமஸ்தான உடம்பு, கழுத்தில் சிலுவைக் கயிறு. வந்து, நின்று, எங்கள் இலைகளைப் பார்த்தாள்.

“ஆச்சி, கொஞ்சம் எந்திரிக்கியளா? இது எங்க களம். நெத்திலி காயப் போடணும்.”

களமாம். நான் நெற்களம் என்று வியந்த இடம் நாள்தோறும் மீன் காயும் தரை. அதன்மேல் என் பூசைப் பெட்டி இருந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு மோட்டாருக்குள் போய் உட்கார்ந்தேன். இரண்டு வாழைப்பழத்தையும் வெளியே எறிந்தேன். ஒரு நாய் முகர்ந்துவிட்டுப் போயிற்று, அதற்கும் வேண்டாம். சுந்தரம் இலையைக் கையில் ஏந்தி, நடந்துகொண்டே தின்றான். ஒரு வாரத்துக் கோர்ட்டுக் கதையை மனைவியிடம் சொல்லியபடி, மீசையில் தயிரோடு, அலையோரமாக. நின்றுகொண்டு உண்பதே இழிவு. நடந்து உண்பதற்குச் சொல்லே இல்லை. கோமதி அந்த மீன்காரிக்கு ஓர் இலையில் புளியோதரை கொடுத்தாள். அவள் அதைக் கூடையின் மேல் வைத்துக்கொண்டு போனாள். மீனின் மேல் புளியோதரை.

மணல் எல்லாவற்றிலும். பல்லில், நீற்றுப் பையில், வேட்டி மடிப்பில். இன்று காலை குளித்தபோது காதிலிருந்து விழுந்தது.

சிவகாமிக்குப் பயன் ஒன்றும் தெரியவில்லை. திரும்பும் வழியில் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது இழுப்பு. கடற்காற்றின் மகிமை இவ்வளவுதான் என்று சுந்தரத்திடம் சொன்னேன். அவள் மட்டும், ‘பெருசா இருந்துச்சு’ என்று ஒரு தடவை சொன்னாள். 


மார்கழி 9, வியாழன்

பனி. அரிசி புடைக்கும் தூசியில் சிவகாமிக்கு இருமல். முறத்தைக் கோமதி வாங்கிக்கொண்டாள்.

மாலை மடத்தில் வாசிப்பு. கடல் கண்டு வந்த செய்தி ஊரெங்கும் பரவியிருக்கிறது. முன்வரிசையிலிருந்து ஒருவர், கடல் எப்படி இருந்ததென்று கேட்டார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நாற்பது ஆண்டுகளாக நான் சொல்லி வந்த அதே கடலைச் சொன்னேன்: நீலம், முத்து, புன்னை நிழல், அன்னம். கண்டதைச் சொல்லவில்லை. நாக்கு கூசிற்று. வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தேன்.


மார்கழி 18, சனி, அமாவாசை

ஆற்றில் நீராடித் தர்ப்பணம். நீர் பனிக்கட்டி.

இன்று போயிருக்கலாம். இன்று தொட்டிருக்கலாம், மூழ்கியே இருக்கலாம். மூன்று நாளாகச் சொல்லியும் சுந்தரம் கேட்கவில்லை. இன்று இங்கிலீஷ் வருஷப் பிறப்பாம். கையில் எலுமிச்சம்பழம், தோளில் சரிகைத் துண்டு, காலையிலேயே கோர்ட்டு முன்சீபைக் கண்டு வாழ்த்த அவர் பங்களா வாசலில் போய் நின்றுவிட்டான். அவனோடு ஊர் வக்கீல்கள் அத்தனை பேரும். ஒரு வெள்ளைக்காரப் பஞ்சாங்கத்துக்காக நம்முடைய அமாவாசையை விட்டார்கள். திரும்பி வந்தவன் கையில் அதே போன்ற இன்னொரு எலுமிச்சம்பழம்.

நாளை போவதாம். நாளை பிரதமை. தொடலாகாது. ஒரு நாள் பிந்திப் போவதற்குப் பெயர் போவதா?

சிவகாமி இரவெல்லாம் உட்கார்ந்தே. கணுக்கால் வீங்கியிருக்கிறது.


மார்கழி 20, திங்கள்

நேற்று இரண்டாம் பயணம். சுருக்கமாக.

வழியில் அருப்புக்கோட்டையில் காப்பிக் கடை. தம்ளரை எச்சில் படக் குடித்து, ஒரே தொட்டி நீரில் முக்கி, அடுத்தவருக்கு. சுந்தரம் இரண்டு குடித்தான்.

கரையில் ஒரு திருக்கை மீன் செத்துக் கிடந்தது, முறம் அளவு. வயிறு வெடித்து. ஈ. அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

இம்முறை களத்தை விட்டுத் தள்ளி, ஆனால் அதே மேட்டுக்கு இப்பால்தான் அமர்ந்தோம். திவலைக்கு அஞ்சி. சிவகாமி வந்த அரைமணியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மீன் வாடையால் என்று நினைத்தேன். இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

அந்த மீன்காரி மறுபடி வந்தாள். பெயர் சூசையம்மாளாம். புளியோதரைக்குக் கைம்மாறாக நான்கு பனங்கிழங்கு கொண்டுவந்தாள். நான் தொடவில்லை. மற்றவர்கள் தின்றார்கள். அவள் சிவகாமியின் எதிரில் குந்திக்கொண்டு, அவள் மூச்சு விடுவதையே சற்று நேரம் பார்த்தாள்.

“ஏன் ஆச்சி குழிக்குள்ள உக்காந்திருக்கிய? காத்து மேட்டுக்கு அங்கிட்டுல்லா அடிக்கி.”

“அவுக சொன்னாக, இங்கன இருக்கச் சொல்லி” என்றாள் சிவகாமி.

“கடலு கடிக்கும்னு சொன்னாகளாக்கும்?”

சிவகாமி சிரித்தாள். கார்த்திகைக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. அது இருமலாக மாறும் என்று காத்திருந்தேன், மாறவில்லை. அந்தப் பெண் கையைப் பிடித்து எழுப்பி, மேட்டின் உச்சி வரை கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மீன் பிடித்த கை. இருவரும் அங்கே நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சேலைத் தலைப்பு கொடி போல் பறந்தது. ஒரு விதவையும் ஒரு சுமங்கலியும் நட்ட நடு வெயிலில் தலை மூடாமல். (அவள் புருஷன் கடலில் போனவனாம். கோமதி சொன்னாள்.)

கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வந்தாள். இறங்கி வந்தவள் முகம் தெளிவாக இருந்தது உண்மை. பனங்கிழங்கு உடம்புக்குச் சேர்ந்திருக்கலாம்.

திரும்பும்போது உசிலம்பட்டி வரை நன்றாக வந்தாள். பனி தொடங்கிய இடத்தில் இழுப்பும் தொடங்கிற்று. காதர் மோட்டாரை மூன்று தடவை நிறுத்தினார். நிறுத்தும்போதெல்லாம் இறங்கிப்போய் மறுபக்கம் பார்த்து நின்றார், அவள் கூச்சப்படக் கூடாதென்று. அந்த மரியாதை என் மகனுக்கு வரவில்லை. அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.


தை 2, சனி

மாட்டுப் பொங்கல். கரும்புச் சக்கை தெருவெல்லாம். ஈ.

நேற்று வாசலில் பொங்கல் வைத்தபோது சிவகாமி அடுப்பை ஊதக் குனிந்தாள். ஊத முடியவில்லை. ஊதுகுழலைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ‘பொங்கலோ பொங்கல்’ சொன்னாள். பாதிச் சொல்லில் நின்றது.

நாளை பௌர்ணமி. ஞாயிறும் அதுவே. போகலாம் என்று முதன்முறையாக நானே சொன்னேன். மோட்டார் இல்லையாம். சுந்தரத்தின் மாமனார் வீட்டார் பூசத்துக்குப் பழநிக்கு எடுத்துப்போயிருக்கிறார்கள், ஏழு பேர், மூன்று நாள். காவடி எடுப்பவர்களுக்கு மோட்டார் எதற்கு? நடப்பதுதான் விரதம். மெத்தை மேல் உட்கார்ந்து போய் முருகனிடம் என்ன கேட்பார்கள்?

வேறு வண்டிக்குச் சுந்தரம் முயலவில்லை. ‘ஒங்களுக்கு நாளு ஒத்து வந்தா எனக்கு ஒத்து வரமாட்டேங்குதுப்பா’ என்றான், செய்தித்தாளின் பின்னாலிருந்து.


தை 7, வியாழன்

நேற்று பகலில் சிவகாமிக்குக் கடுமையாக வந்துவிட்டது. உதடு நீலம். கண்கள் என்னைப் பார்த்தும் பார்க்காதவை போல. உள்ளூர் டாக்டர் வந்து ஊசி போட்டார். ஒரு நாழிகைக்குப் பின் அடங்கிற்று. சட்டியில் துப்பிய கோழையை நானே எடுத்துக் கொட்டினேன். அருவருப்பு என்று எழுதக் கை வருகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

டாக்டர் போகும்போது சொன்னது: இந்தப் பனியில் இன்னொன்று வந்தால் ஊசிக்கு நேரம் இராது.

சுந்தரம் உடனே அந்த உப்பு வியாபாரி வீட்டுப் பேச்சை எடுத்தான். நான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். தை அமாவாசை பதினெட்டாம் தேதி, திங்கள். சோமவாரத்தில் அமாவாசை, அதுவும் தையில். எப்போதோ ஒருமுறை வாய்ப்பது. அன்று புறப்படுவோம், அன்று அவளை முறையாக நீராட்டி, அந்தப் புண்ணியத்தோடு வேண்டுமானால் நாலு நாள் தங்குவோம் என்றேன். இன்னும் பதினொரு நாள்தானே. பொங்கியவன் பொங்கி முடித்து, கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனான்.

கோமதி என் எதிரில் நின்று பேசுவதில்லை. இன்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னாள். “மாமா, அத்தை நேத்துக் காலையில கிணத்தடிக்குப் போகயில நாலு தரம் நின்னாக. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாக.”

கிணற்றடி இருபது அடி.

பஞ்சாங்கத்தை மறுபடி பார்த்தேன். அதற்குள் ஏதாவது ஒரு பர்வம், ஒரு சங்கிரமணம், ஒரு சந்து. நியமம் தெரிந்தவனுக்கு விலக்கும் தெரிந்திருக்கும் என்று. இல்லை.


தை 10, ஞாயிறு, அஷ்டமி

கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். உப்பு வியாபாரியின் வீட்டுக் கூடம். பென்சில். தாள் பிசுபிசுக்கிறது.

நடந்ததை நடந்தபடி.

வழக்கமான ஞாயிறுப் பயணமாகவே பதினொரு மணிக்கு வந்தோம்; தங்குவது அமாவாசைக்குத்தான் என்ற என் சொல் மாறவில்லை. அஷ்டமி, ஞாயிறு, இதைவிடத் தொடலாகாத நாள் இல்லை. ‘இன்று பார்வை மட்டும்’ என்று வழியிலேயே மும்முறை சொன்னேன். வழக்கமான இடத்தில் ஜமுக்காளம் விரித்தார் காதர். சிவகாமி இறங்கினாள். உட்காரவில்லை. கம்பளியை மடித்து ஜமுக்காளத்தின் மேல் வைத்தாள், இனி அது வேண்டாம் என்பது போல. மேட்டைப் பார்த்து நடந்தாள். கைகொடுக்க ஓடிய கோமதியை வேண்டாமென்று கையமர்த்தினாள். நாலு எட்டு, நிற்பது. நாலு எட்டு, நிற்பது. மேட்டில் ஏற அரை நாழிகை ஆயிற்று. பிறகு அந்தப் பக்கம் இறங்கித் தலை மறைந்தது.

பின்னால் போனேன். மணல் சுட்டது, உள்ளே இழுத்தது. மேட்டின் உச்சியில் கால் வைத்ததும் காற்று முகத்தில் அடித்தது. மேல்துண்டு பறந்துபோயிற்று.

ஒரு படி கீழே இறங்கினேன். காற்று இல்லை. ஏறினேன். காற்று. மறுபடி இறங்கினேன், ஏறினேன், பைத்தியக்காரன் போல. இரண்டு ஞாயிறு அவளை நான் உட்கார வைத்த பள்ளத்தில் காற்றே இல்லை. கருவாட்டு வாடையும் வெயிலும்தான். நூறு மைலுக்கு மேல் குலுக்கிக் கொண்டுவந்து, காற்று வராத ஒரே இடத்தைத் தேடி உட்கார வைத்திருக்கிறேன். அந்த மீன்காரி முகத்துக்கு நேரே சொன்னாள். எழுதியும் வைத்தேன், கேலி என்று.

இதுவரை பட்ட அருவருப்பெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் இதற்கு ஈடாகாது.  வாயில் உப்பு.

சிவகாமி நீர்விளிம்புக்குப் பத்தடி தள்ளி நின்றாள். எனக்காக நின்றிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. தொடாதே, இன்று அஷ்டமி என்றேன். அந்த நேரத்திலும் வாயில் வந்தது அதுதான்.

அவள் திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே, மூச்சுக்கு இடம் விட்டு விட்டுச் சொன்னாள்.

“அமாவாசைக்கு இன்னும் எட்டு நாளு இருக்குன்னு சொல்றீக. அந்த எட்டு நாளும் மூச்சு விடாம இருக்கச் சொல்றீகளா?”

அவளை நோக்கி இரண்டு அடி வைத்தேன். 

“பாவம் வந்தா எனக்கு வரட்டும். ஒங்களுக்கு வேணாம், நீங்க அங்கனயே நில்லுங்க.”

பத்தடியும் நடந்தாள். அலை வந்து கணுக்காலை மூடிற்று. வீங்கிய கணுக்கால். சேலையைக் கூட உயர்த்தவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. முதலில் வேகமாக, பிறகு அவ்வளவு இல்லை. களத்தில் மீன் புரட்டிக்கொண்டிருந்த சூசையம்மாள் எழுந்து வந்து, அவளுக்குப் பக்கத்தில், தொடாமல், விழுந்தால் பிடிக்கும் தொலைவில் நின்றாள். என்னைப் பார்த்து, “தாத்தா, துண்டு அங்கிட்டுக் கெடக்கு. ஓடிப் போகுது, புடிங்க” என்றாள்.

துண்டைத் துரத்திக்கொண்டு போனேன். செத்த நண்டு ஒன்றின் மேல் கிடந்தது. எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். வேறு துண்டு இல்லை.

பகலுணவு அவள் அங்கேயே உண்டாள், ஈரச் சேலையோடு, ஈர மணலில், இலையை மடியில் வைத்து. இரண்டு கை தயிர்ச்சோறு கேட்டு வாங்கினாள். அவள் கேட்டு வாங்கி உண்டு எத்தனை நாள்.

மூன்று மணிக்குக் காதர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். சிவகாமி எழவில்லை. தான் வரப்போவதில்லை என்றாள், சாதாரணமாக, அடுத்த தெருவில் இருந்துவிட்டு வருகிறேன் என்பது போல. உப்பு வியாபாரி வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று சூசையம்மாளுக்குத் தெரியுமாம். இருவருமாக முன்பே பேசி வைத்திருக்கிறார்கள், மேட்டின் மேல், நான் கூப்பிடக் கூப்பிட. கோமதி ஒரு வாரம் கூட இருப்பாளாம். என்னைப் பார்த்து, “நீங்க கெளம்புங்க. காலையில பூசைக்கு நேரமாயிரும்” என்றாள். கோபமே இல்லாமல். கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

திருமணமாகி நாற்பத்திரண்டு ஆண்டு. நான் இருக்கும் ஊரில் அவள் இல்லாமலோ, அவள் இருக்கும் ஊரில் நான் இல்லாமலோ இருந்தது அவளுடைய பிரசவங்களுக்கு மட்டும்.

சுந்தரம் என்னைப் பார்த்தான்.  மோட்டாரிலிருந்து பூசைப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். காதர் அதைத் தம் துண்டில் வைத்து, கை படாமல் ஏந்திக்கொண்டு வந்தார். “ஐயா, பெட்டியை எங்கன வைக்கட்டும்?” என்றார். கருணையால் தங்கினேன் என்று எழுத மாட்டேன். வெறுப்பால் தங்கினேன். யார் மேல் என்று எழுத வேண்டியதில்லை.

மோட்டார் சுந்தரத்தோடு போய்விட்டது. கோமதி அடுப்பைச் சாம்பலால் தேய்க்கிறாள்.


தை 11, திங்கள், நவமி

பனி இல்லை. வானம் வெறுமையாக.

வீடு முழுதும் மீன் வாடை. சுவரில், உத்தரத்தில், கதவுத் தாழ்ப்பாளில். அடுப்பை மூன்று முறை மெழுகியாயிற்று, போகவில்லை. கிணற்றுநீர் உவர்ப்பு, அபிஷேகத்துக்கு அதுதான். நீறு ஈரத்தில் கட்டியாகிவிட்டது. வில்வம் இல்லை. வாசலில் கிடந்த ஏதோ இலையைச் சார்த்தினேன், பெயர் தெரியாது. கூரையில் காகங்கள் மீன் குடலுக்குச் சண்டை. ஒரு துண்டு பூசைக்கு எதிரில் விழுந்தது. நானே எடுத்து எறிந்தேன்.

வாங்க வேண்டியவை: புதுப் பானை இரண்டு. துளசிக்கன்று. துண்டு. ஊரிலிருந்து வர வேண்டியவை பற்றிச் சுந்தரத்துக்குக் கடிதம்.

சிவகாமி நேற்று இரவு ஒரு தலையணையில் படுத்தாள். ஒருக்களித்து, கால் நீட்டி. விளக்கு அணையும்வரை காத்திருந்தேன், எழுவாள் என்று. பூனை முனகவில்லை. வேறு ஏதோ ஓசை கேட்டு அஞ்சி எழுந்து பார்த்தேன்: குறட்டை. விடிந்த பிறகும் உறங்கினாள். எழுப்ப மனம் வரவில்லை. பூசை மணியைக் கூட அடிக்கவில்லை.

இப்போது எழுந்து முகம் கழுவிவிட்டாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், அலைப் பக்கம் போக. சூசையம்மாள் கடலுக்குப் போன வள்ளத்துக்காகக் காத்திருக்கிறாள், அவளால் வர முடியாது. கோமதிக்கு அடுப்பு வேலை. நேற்றைவிட அலை பெரிதாகத் தெரிகிறது, வழுக்கும். நவமி. தனியே விடுவதற்கில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டேன்.